டேப்லெட்டில் உட்கார்ந்த சேவல்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்குச் சேவல் படம் வரைகிற மூன்று பேர் இருந்தார்கள். வேலாண்டி, அவன் மச்சினன் கருத்தபாண்டி, மூத்தவர் சூசை. கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் தொல்லை.

ஒரு திங்கட்கிழமை முதலாளி ரத்தினசபாபதி வேலாண்டியைக் கூப்பிட்டார்.

"கையால வரைஞ்சது போதும்ப்பா. பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாச்சு. அதுல படம் வரையிற பலகை, டிராயிங் டேப்லெட் ஒன்னு வாங்கிக்க. நாலாயிரத்துக்கு மேல போகக் கூடாது. வரையப்போற படத்துக்குத் தக்கன சைஸ் பார்த்து வாங்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள சேவல் என் மேசைக்கு வரணும். வரலைன்னா வேலை கம்ப்யூட்டர்ல வரையிற மதுரைக்காரருக்கு."

வேலாண்டி இருபது வருஷமாகச் சேவல் வரைந்து சோறு தின்றவன். வேறு எதுவும் வரையத் தெரியாது.

மறுநாள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மூன்று டேப்லெட்டை எடுத்து வைத்தார். கருத்தபாண்டி கையோடு கொண்டுவந்த கூடையைத் திறந்தான். உயிருள்ள சேவல் ஒன்றை எடுத்து முதல் டேப்லெட்டின் மேல் நிறுத்தினான்.

"யோவ், என்னய்யா பண்றீங்க?"

"சைஸ் பார்க்கிறோம்," என்றார் சூசை.

சின்னதில் தலையும் வாலும் வெளியே நீட்டின. நடுத்தரத்தில் வால் மட்டும். பெரியதில் சேவல் தாராளமாக நின்றது. விலை பதினோராயிரம்.

வேலாண்டி சேவலின் வாலை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தான். "வாலை விட்டுட்டு வரைஞ்சா என்ன மாப்ளே?"

"கோழின்னு சொல்லிப்புடுவாரு மச்சான்."

சூசை சேவலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "உட்கார வை," என்றார்.

அமுக்கி உட்கார வைத்தார்கள். வாலை ஒடுக்கிக்கொண்டு சின்ன டேப்லெட்டிலேயே அடங்கிவிட்டது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். சூசையின் மூளையை நினைத்து மச்சானும் மச்சினனும் உருகிப்போனார்கள்.

கடைக்காரர் சேவலின் எச்சத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுல படம் தெரியாது. வரையும்போது டேப்லெட்டைப் பார்க்கவே கூடாது, கம்ப்யூட்டரைத்தான் பார்க்கணும். கூட வர்ற பேனாவுல எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரெண்டு அழுத்தம் இருக்கு. லேசா அமுக்கினா மெல்லிசுக் கோடு, பலமா அமுக்கினா தடிச்ச கோடு."

"எண்ணிப் பார்த்து வாங்கிக்கிறோம்," என்றார் சூசை.

வேலாண்டி அமுக்க, கருத்தபாண்டி எண்ணினான். நானூற்றுப் பத்தில் சேவல் கூவியது. எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து. சாயங்காலம் கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்து, மூவரையும் சேவலோடு வெளியே தள்ளி, கதவை இழுத்துவிட்டார்.

டேப்லெட்டைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பட்டறையில் சூசை அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் கையை விட்டு வேலாண்டி வரைந்தான். இரண்டு நாள். குறை சொல்லக் கூடாது, வியாழக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் அம்சமாக ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது.

"இதை எப்படி முதலாளி மேசைக்குக் கொண்டுபோறது? கம்ப்யூட்டரைத் தூக்கணுமா?" என்றான் வேலாண்டி.

"டிவியில கிரிக்கெட் பார்க்கிறோமே, ஆட்டம் டிவிக்குள்ளயா நடக்குது?" என்று கேட்டார் சூசை. "மைதானத்துல நடக்குது. அது மாதிரி, இதுல தெரியிறது சும்மா காட்சி. அசல் சேவல் துண்டுக்குள்ள இருக்கு."

நியாயமாகத்தான் பட்டது. கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை டேப்லெட்டைத் துண்டோடு மடியில் வைத்து, குழம்புச் சட்டியைப்போல் சாயாமல் பிடித்துக்கொண்டு வேலாண்டி மற்ற இருவரோடும் ஆட்டோவில் போனான்.

பதினொன்றரைக்கு முதலாளி அறை. மதுரைக்காரர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். வேலாண்டி துண்டை விலக்கினான்.

கன்னங்கரேலென்று வெறும் பலகை.

"எங்கடா சேவல்?" என்றார் முதலாளி.

வேலாண்டி துண்டை உதறிப் பார்த்தான். கருத்தபாண்டிதான் சொன்னான்: "டீக்கடை கிட்ட வேகத்தடையில ஆட்டோ ஒரு தூக்குத் தூக்குச்சே மச்சான், அங்கதான் விழுந்திருக்கும்!"

மூவரும் ஓடினார்கள். டீக்கடை முன்னால் ஒரு சேவல் வடைத் துணுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது.

"கலர் சரியா இருக்கு," என்றான் வேலாண்டி. "ஆனா நான் வரைஞ்சது உட்கார்ந்த சேவலாச்சே?"

"நடுரோட்டுல விழுந்தவன் எந்திரிக்காம உட்கார்ந்தா இருப்பான்?" என்றார் சூசை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் சேவல் முதலாளியின் மேசையில் இருந்தது. டேப்லெட்டின் மேல் வைத்து அமுக்கினார்கள். அது மைக்கூட்டை உதைத்துத் தள்ளியது.

"உள்ள போகமாட்டேங்குதே அண்ணே!" என்றான் வேலாண்டி.

"பதறாதே," என்றார் சூசை. "எட்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்திரெண்டு அழுத்தம் இருக்குல்ல? நீ அமுக்கு, நான் எண்ணுறேன். ஒன்னு, ரெண்டு..."

முதலாளி மை படாமல் காகிதங்களை வாரி எடுத்தார். நாற்பதாவது அழுத்தத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பதிலுக்குச் சேவலும் கூவியது. எண்ணிக்கை தப்பியது.

வேலாண்டி வேர்த்து வழிய நிமிர்ந்து மதுரைக்காரரைப் பார்த்தான். "சார், சும்மாதான இருக்கீங்க? வாலை ஒரு பக்கம் பிடிங்க."

மதுரைக்காரர் எழுந்து வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வாலைப் பிடித்தார்.

"இந்தத் தடவை சத்தமா எண்ணுங்க அண்ணே," என்றார். "எனக்கும் கேட்கணும்."