குடத்துக்குள் ஒரு விரல்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு நாற்பது வருஷமாக ஆறாத தோல்வி ஒன்று இருந்தது. போர்க்களத்தில் அல்ல. மஞ்சள் நீர்க் குடத்தில்.

கல்யாணத்தன்று குடத்தில் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் தேடுவார்களே, அந்த விளையாட்டில் ராணி ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப்புரத்தில் எந்த வாக்குவாதம் கிளம்பினாலும் ராணி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அதுதான் குடத்திலேயே தெரிஞ்சுபோச்சே."

இப்போது ராஜாவுக்கு அறுபது. அதே ராணியோடு அறுபதாம் கல்யாணம். மறுபடியும் குடம்.

சபையில் விகடகவி கூத்தபிரானை ராஜா கூப்பிட்டார்.

"இந்த முறை மோதிரம் என் கையோடு வெளியே வர வேண்டும். ராணி விட்டுக்கொடுத்தாள் என்ற பேச்சும் எழக் கூடாது. அவளிடம் நீ இதைப் பற்றி மூச்சு விடாதே. வழி செய்."

கூத்தபிரான் வாயைத் திறப்பதற்குள் அமைச்சர் மார்த்தாண்டர் எழுந்துவிட்டார். விகடகவியின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிற மனிதர். குடத்தில் ஒரே மோதிரம்தான் இருக்க வேண்டும்; மன்னர் ஜெயிக்க வேண்டும்; மங்கல நாளில் ராணியாரும் தோற்கக் கூடாது என்று மூன்று முடிச்சுப் போட்டார். முடியாதென்றால் விகடகவி நாட்டை விட்டே போய்விடட்டும் என்று பணிவாக ஒரு யோசனையும் சொன்னார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. "நாளை மறுநாள் முகூர்த்தம், கூத்தபிரான். நீ ஜெயித்தால் இங்கே. தோற்றால் எல்லைக்கு அப்பால்."

வீட்டில் கூத்தபிரானின் மனைவி தில்லைநாயகிக்கு நிறைமாதம். அன்றிரவு இருவருமே தூங்கவில்லை.

விடிந்ததும் அவள் மூட்டை கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கூத்தபிரான் அவள் காலடியில் உட்கார்ந்து மெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் பாதம் வீங்கும், கழற்றி வைத்துவிடுவாள். காலையில் போட்டுக்கொள்ளக் குனிய முடியாது. இரண்டு மாதமாக அது அவன் வேலை.

"எல்லை மூணு நாள் வண்டிப் பயணங்க. புள்ள வழியிலயே பொறந்துடும். கேக்குறீங்களா?" என்றாள்.

அவன் கேட்கவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேச்சு மூட்டையில் இருந்தது, கண் ஜன்னலில் இருந்தது. ஆனால் மெட்டி கிட்டே வந்ததும் கால்விரல் தானாகத் தூக்கிக்கொண்டது. அவன் கையும் தானாகப் போட்டுவிட்டது.

சட்டென்று எழுந்தான்.

தினமும் காலையில் அந்தப்புர வாசலில் காத்திருக்கும்போது அவன் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. சபைக்குப் புறப்படும் ராஜா கையை நீட்டுவார். ராணி முத்திரை மோதிரத்தைப் போட்டுவிடுவார். ஒருநாள் கத்தரிக்காய்க் கூட்டில் உப்பில்லை என்று பெரும் சண்டை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் இந்தக் கை நீண்டது, அந்தக் கை போட்டுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ராஜாவிடம் ஓடி இரண்டே இரண்டு விஷயம் கேட்டான். முகூர்த்தத்தன்று குடத்தில் போட முத்திரை மோதிரத்தையே தர வேண்டும். அன்று காலை ராஜா வெறும் விரலோடு இருக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

முகூர்த்த நாள். மார்த்தாண்டர் குடத்தை எட்டிப் பார்த்து, நீரைக் கலக்கி, மோதிரத்தைத் தம் கையாலேயே போட்டார். இரண்டு கைகள் உள்ளே போயின. நாதஸ்வரம் நின்றது.

ராஜா துழாவினார். நெற்றி வியர்த்தது. ராணியின் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. மோதிரம் கிடைத்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் தில்லைநாயகி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் ராணியின் கை வெளியே வரவில்லை. குடத்துக்குள்ளேயே ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது. வெறுங்கை.

அடுத்து ராஜாவின் கை. விரலில் முத்திரை மோதிரம், மஞ்சள் நீர் சொட்டச் சொட்ட.

ராணியே அதைக் குனிந்து பார்த்தார். "எடுத்தது நான்தான். உங்க விரல் குறுக்கே வந்துது. காலையில போட்டுவிடலியேன்னு... போட்டுட்டேன்" என்றார்.

ராஜா விகடகவியைப் பார்த்தார்.

"தர்ப்பைப் புல்லில் மோதிரம் பின்னிய காலம் உண்டு, அரசே. பிறகு செம்பு வந்தது, பொன் வந்தது. ஆனால் கல்யாண மோதிரத்தை அவரவரே மாட்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எடுக்கிற கை ஒருவருடையது, போட்டுக்கொள்கிற விரல் இன்னொருவருடையது. தங்கள் கையோடு வந்துவிட்டது. ராணியாரும் விட்டுக்கொடுக்கவில்லை, எடுத்தார்."

"இது செல்லாது" என்று மார்த்தாண்டர் எழுந்தார். "ஒருவர் தோற்றே ஆக வேண்டும்."

"யார் என்று அமைச்சரே அறிவிக்கட்டும்" என்றான் கூத்தபிரான்.

மார்த்தாண்டர் ராஜாவின் முகத்தைப் பார்த்தார். ராணியின் முகத்தைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ராஜா சிரித்த சிரிப்பில் குடத்து நீர் தளும்பியது. இளவரசர்கள் ஆடிய தேக்குத் தொட்டிலை விகடகவி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். மார்த்தாண்டரே கூடப் போய், அதை நடுக்கூடத்தில் கட்டிவிட்டு வர வேண்டும் என்றும் உத்தரவு.

மூட்டை அவிழ்ந்தது. நாலாம் நாள் தொட்டில் ஆடியது.

மறுநாள் காலை கூத்தபிரான் சர்க்கரையோடு அந்தப்புர வாசலில் நின்றான். உள்ளே சண்டை, பாயசம் திகட்டியதாம். "அதுதான் குடத்திலேயே..." என்று ஆரம்பித்த ராணி பாதியில் நிறுத்தினார்.

ராஜா விரலை நீட்டினார்.