ஆமை விற்க மறுத்த ஊதல்

அல்லிக் குளத்தங்கரையில் அருணாசலம் என்ற ஆமை விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தது. கடைக்கு யாரும் நடந்து வர வேண்டாம். மைனாவிடம் சொல்லி அனுப்பினால் போதும். கேட்ட பொருளைக் காக்கை கொண்டுவந்து வாசலில் போட்டுவிடும்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விளையாட்டு வந்தாலும் ஆமை முதலில் தானே ஆடிப் பார்க்கும். பிறகுதான் விற்பனை. ஆமை ஆடி முடிப்பதென்றால் சும்மாவா? கேட்டவர்களுக்குப் பொறுமையே போய்விடும். ஆனாலும் அருணாசலம் ஆடிப் பார்த்த சாமான் என்றால் தாய்மார்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

ஒரு நாள் மாயாண்டி என்ற மரங்கொத்தி, மூங்கிலில் துளையிட்டு ஓர் ஊதல் செய்துகொண்டு வந்தது.

"அண்ணே, இதுக்குப் பேரு 'அசையாதே'! ஊதினா, சிறுத்தையைப் பார்த்ததும் மந்தி கத்துமே, அதே சத்தம் வரும். சத்தம் கேட்டு ஓடுறவன் அவுட்டு! அசையாம நிக்கிறவன் ஜெயிச்சான்!" என்றது மரங்கொத்தி.

ஊதிக் காட்டியது. "கக்! கக்! கக்!" ஆமையின் தலை சடக்கென்று ஓட்டுக்குள் போய்விட்டது. மரங்கொத்தி சிரியோ சிரியென்று சிரித்தது.

ஆமைக்கு ரோஷம் வந்துவிட்டது. குளத்துத் தவளைகளை ஊதச் சொல்லி விடாமல் ஆடியது. முதலில் தோற்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. கடைசியில் தவளைகள் கன்னம் வலிக்க ஊதியும் அதன் கழுத்து அசையவில்லை. "நானா தோற்பவன்!" என்று பூரித்துப்போனது.

மறுநாள் காலையில் "கக்! கக்!" என்று சத்தம் கேட்டது. ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது. ஆனால் அன்று கத்தியது நிஜமான மந்தி. தண்ணீர் குடிக்க வந்த சிறுத்தை கழுத்தில் ஒரு கீறு கீறிய பிறகுதான் ஆமைக்குத் தலையை உள்ளே இழுக்கத் தோன்றியது. சிறுத்தை ஓட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அலுத்துப் போய்க் கிளம்பியது.

ஆமை நடுங்கிவிட்டது. 'இந்த ஊதலை விற்கவே கூடாது' என்று அப்போதே முடிவு செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் காரணத்தை எப்படிச் சொல்வது? தலையை இழுக்க மறந்த ஆமை என்று தெரிந்தால் காடே சிரிக்குமே! காயத்தின்மேல் சேற்றை அப்பிக்கொண்டது.

"அந்தச் சாமான் என் கடையில் கிடையாது" என்று மட்டும் சொல்லியனுப்பியது.

அவ்வளவுதான், காடு கொதித்தது. ஊதலைப் பற்றி மரங்கொத்தி ஏற்கெனவே மரத்துக்கு மரம் சொல்லி வைத்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். விடிந்தால் போதும், மைனாக்கள் கூட்டமாக வந்து வாடிக்கையாளர்களின் வசவுகளை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தன.

"நாங்க என்ன விளையாடணும்னு சொல்ல நீ யாரு?"

"மரங்கொத்தி மேல உனக்குப் பொறாமை!"

"ஆடித் தோத்துட்டே, அதான் எரிச்சல்!"

முயல்கள் பழைய பம்பரங்களைக் காக்கையிடமே திருப்பிக் கொடுத்து விட்டன. கடை வாசலில் சாமான்கள் குப்பையாகக் குவிந்தன. ஆமை அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைத்தது.

பவளம் என்ற புள்ளிமான் மட்டும் நேரில் வந்தது. அதன் குட்டி மின்னிக்கு முதல் கிலுகிலுப்பை தந்ததே இந்தக் கடைதான்.

"அண்ணே, மின்னி தினம் நச்சரிக்கிறா. நீங்க காரணம் இல்லாம மறுக்கமாட்டீங்க. அதை எங்கிட்ட சொல்லுங்க. நான் போய் நாலு பேருக்கு எடுத்துச் சொல்றேன்" என்றது மான்.

ஆமைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் வெட்கம் பிடித்து இழுத்தது.

"கடை என்னோடது! விக்கிறதும் விக்காததும் என் இஷ்டம்!" என்று வெடுக்கென்று சொன்னது.

மானின் முகம் வாடிப்போயிற்று. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனது. போகிற வழியில் மரங்கொத்தியின் மரத்தடியில் நின்று மகளுக்கு ஓர் ஊதல் வாங்கியது.

ஆமை மறுத்த சாமான் என்ற பேச்சே மரங்கொத்திக்கு நல்ல விளம்பரம் ஆகிவிட்டது. புல்வெளி எங்கும் "கக்! கக்!" என்றே சத்தம். மின்னியை ஜெயிக்க ஆளே இல்லை. எவ்வளவு ஊதினாலும் அதன் காது கூட ஆடாது.

ஒரு மாலை, மரத்தின் உச்சியிலிருந்து மந்தி கத்தியது. ஒரு பிள்ளையும் நகரவில்லை. "இது விளையாட்டு இல்லடா! ஓடுங்கடா!" என்று மந்தி கிளையை உலுக்கியது. "மந்திப் பாட்டி நல்லா நடிக்கிறாங்க!" என்று பிள்ளைகள் சிரித்தன.

குளக்கரையில் இருந்த ஆமை, புதருக்குள் புள்ளிகள் நகர்வதைப் பார்த்துவிட்டது. அதன் கால்களுக்கு அன்று வேகம் எங்கிருந்து வரும்? தொண்டை கிழியக் கத்தியது. "ஓடுங்க! சிறுத்தை! நிஜமான சிறுத்தை!"

"பாருங்க, ஆட்டத்தைக் கெடுக்க வந்துட்டார் கடைக்காரர்!" என்றது ஒரு முயல்.

சிறுத்தை பாய்ந்தது. மற்றவை சிதறி ஓடின. மின்னி மட்டும் சிறுத்தை கவ்வும்வரை அசையாமல் நின்றது. அன்றும் அதுதான் ஜெயித்தது, பாவம்.

இருட்டுவதற்குள் புல்வெளி வெறிச்சோடிவிட்டது. மரங்கொத்தி தன் ஊதல்களை ஒவ்வொன்றாகக் கொத்தி உடைத்துக்கொண்டிருந்தது. ஆமை தட்டுத்தடுமாறிப் பவளத்திடம் வந்தது. கழுத்துச் சேற்றைக் கழுவிவிட்டுக் காயத்தைக் காட்டியது. நடந்ததை எல்லாம் சொல்லி அழுதது.

பவளம் அந்தத் தழும்பை மூக்கால் தொட்டுப் பார்த்தது.

"இதை அன்னைக்கே காட்டியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்ணே" என்றது. "சிரிச்சுட்டு, அந்த ஊதலை வாங்காம வீட்டுக்குப் போயிருப்பேன்."

சரியானதைச் செய்தும் அதன் காரணத்தை வெட்கப்பட்டு மறைத்தால், அந்த நல்ல முடிவால் யாருக்கும் பயனில்லை.