மரவட்டை வண்டியும் சில்வண்டின் அறிவிப்பும்

குளக்கரையில் வசித்த ஒரு நத்தை தினமும் வாழைத்தோப்புக்கு மேயப் போய் வந்தது. இடையில் கிடந்ததோ சுடுமணல். ஊர்ந்து கடந்தால் பாதி வழியிலேயே உடம்பு வற்றிவிடும். அதனால் போக வர மரவட்டை வண்டிதான் கதி. நீண்ட மரவட்டை முதுகில் ஆளேற்றிக்கொண்டு, கால்களெல்லாம் சரசரக்க மணலைக் கடந்துவிடும். யாருக்காகவும் காத்து நிற்காது.

தோப்பின் ஓரத்து ஆமணக்குச் செடிதான் வண்டி நிற்கும் இடம். அதன் கிளையில் உட்கார்ந்து ஒரு சில்வண்டு அறிவிப்புச் செய்துவந்தது. கணீரென்ற தொண்டை! ஆனால் பாதையை அது ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கீழே ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. மாலையில் செடியின் நிழல் அந்தக் கல்லைத் தொட்டால், "வண்டி வந்துகொண்டிருக்கிறது!" என்று கத்தும். தொடாதவரை, "வண்டி தாமதம்!" என்று கத்தும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.

ஒருநாள் மாலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நத்தை ஆமணக்குச் செடியடிக்கு விரைந்து வந்தது. குளக்கரைக் குழியில் முந்தாநாள்தான் முட்டையிட்டிருந்தது. குழியின் வாயைத் திறந்துபோட்டு வந்திருந்தது. மழைக்கு முன் போய்ச் சேற்றை அப்பி மூடாவிட்டால் அத்தனையும் தண்ணீரோடு போய்விடும்!

"சில்வண்டண்ணே! வண்டி எப்போ வரும்?"

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! குளக்கரை செல்லும் மரவட்டை வண்டி சற்றுத் தாமதமாக வரும்! சிரமத்திற்கு வருந்துகிறோம்!"

"சற்றுன்னா எவ்வளவு நேரம்ணே?"

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

மேகம் மூடிய வானத்தில் நிழல் எங்கே விழும்? கல்லில் நிழல் இல்லை. ஆகவே வண்டியும் இல்லை. சில்வண்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் வண்டிக்காக நின்றிருந்த கட்டெறும்பு சொன்னது: "நத்தையக்கா, கொம்பை நல்லா நீட்டி அந்தப் பாதை வளைவைப் பாருங்க. இவர் பேச்சை நம்பாதீங்க!"

"நீ சும்மா இரு தங்கச்சி! நேத்து சொன்னார், வந்துச்சு. முந்தாநாள் சொன்னார், அன்னிக்கும் வந்துச்சு."

"நேத்து வெயில் அடிச்சுதேக்கா!"

நத்தைக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. தாமதம்தானே, அதுவரை ஈரம் காயாமல் இருக்கலாம் என்று கொம்பை மடக்கி ஓட்டுக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. சரசரவென்று கால்கள் நெருங்கும் சத்தம் ஓட்டுக்குள் நன்றாகக் கேட்டது. தினமும் கேட்டுப் பழகிய அதே சத்தம்தான்! 'வண்டியா இருந்தா அண்ணன் சொல்லியிருப்பாரே!' என்று நத்தை அசையாமல் கிடந்தது.

"அக்கா! ஏறுங்க! கிளம்புது!" என்று வண்டியின் மேலிருந்து கட்டெறும்பு அலறியது.

"வண்டி தாமதம்!" என்றது சில்வண்டு, அதைவிட உரக்க.

நத்தை யாரை நம்பியது என்று சொல்லவும் வேண்டுமா? சந்தேகம் வந்து தலையை நீட்டியபோது மரவட்டையின் வால் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மணல் நனைந்து குளிர்ந்த பிறகு நத்தை ஊர்ந்தே கிளம்பியது. குளக்கரை போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. குழியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. ஓரத்து வேரில் ஒட்டியிருந்த மூன்று முட்டைகள்தான் மிச்சம். நத்தை அவற்றின் மேல் சேற்றை அப்பியபடி அழுதது.

"சில்வண்டு பொய் சொல்லிடுச்சே, பாவி!" என்றது நடந்ததைக் கேட்ட பக்கத்துத் தவளை.

"அது கிடக்கட்டும். வண்டி என் பக்கத்துலயே வந்து நின்னுச்சு. சத்தம் கேட்டும் நான் நம்பலையே!" என்றது நத்தை.

எத்தனை கணீரென்று ஒருவர் அறிவித்தாலும், பாதையை எட்டிப் பார்க்காதவர் பேச்சை நம்பி நம் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளக் கூடாது.