மதகடித் தெருவின் பூட்டு

"அம்மா, இருக்கோம்னு சொன்னா ஆபத்தா? இல்லாத மாதிரி இருந்துட்டா ஆபத்தா?"

கூழ்ச் சொம்பைக் கீழே வைக்காமலே கேட்டாள் கனகாம்பரம்.

குருவம்மா மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"முதல்ல சொம்பை இறக்குங்க அக்கா. கூழ் சிந்துது."

இறக்கினாள்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அகரத்து ஏரிக் கரையில் சன்னல் இல்லாத ஒற்றை அறை. ஒரு கதவு. உள்ளே ஒரு குழாய். அங்கே தனியாக இருக்கும் குருவம்மா கனகாம்பரத்தைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் இவள் அவளை அம்மா என்பாள், அவள் இவளை அக்கா என்பாள். பதினொரு வருடமாக அப்படித்தான். காலையில் ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களுக்குக் கூழ் விற்கக் கிளம்பும்போது முதல் சொம்பு மடத்துக்கு. கூடவே ஒரு கவலையும்.

இன்றைய கவலை பெரியது.

ஏரிப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று ஜனங்களிடமே கேட்கிறார்கள். பூங்கா வாசலில் பந்தல் போட்டு, நீள மேசையில் ஏரியின் வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு ஒட்டலாம். பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு. ஐந்து நாள் நடக்கும்.

நேற்று முதல் நாள். நடக்க வருகிறவர்கள் எல்லாரும் போய் ஒட்டினார்கள். ஒருவருக்குப் படகு வேண்டும். ஒருவருக்கு நாய் வேண்டாம். இன்னொருவர் நடக்கும்போது கேட்க வீணை இசை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

கூட்டம் குறைந்ததும் கனகாம்பரமும் எட்டிப் பார்த்தாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் ஏரியைத் தெரியாதா? விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். இது படித்துறை. இது அரசமரம். இது மதகு. மதகைத் தாண்டினால் தன் தெரு, மதகடித் தெரு. முப்பத்தேழு வீடு.

மதகைத் தாண்டினால் பச்சையாக இருந்தது. பச்சைமேல் பட்டாம்பூச்சி வரைந்திருந்தது.

பட்டாம்பூச்சித் தோட்டம் வரப்போகிறது என்றார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. உங்க வீடு எந்தப் பக்கம்மா என்று தன்மையாகத்தான் கேட்டாள். கனகாம்பரம் ஏரியின் எதிர்க்கரையைக் கையால் காட்டிவிட்டு, கூழ்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எதிர்க்கரையில் இப்போது வீடே இல்லை. மூன்று வருடம் முன் அங்கே ஒரு தெருவையே இடித்து எடுத்தார்கள். பீரோவும் சாமி படமும் பிளாஸ்டிக் குடமும் ரோட்டில் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஒரு பொம்பளை அடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கூழ் ஆறிப்போயிருந்தது.

"அந்தப் பொண்ணு நீங்க சொன்னதை நம்பிச்சா?" என்றாள் குருவம்மா.

"நம்பிச்சு."

குருவம்மா துடைப்பத்தை மூலையில் சாத்தினாள்.

"நாளைக்கு வாங்க அக்கா."



மதகடித் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு.

பட்டா இல்லாத தெரு அது. அளக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் டீக்கடையில் இருந்து ஜெபமணி எழுந்திருப்பார். கையில் ஒரு சாக்கு இருக்கும். சாக்கில் முப்பத்தேழு பூட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் வீட்டின் எண்ணை நீலப் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்.

எல்லாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர் வெளியே பூட்டிக்கொண்டே போவார். கடைசியில் தன் வீட்டையும் பூட்டிவிட்டு, மறுபடி டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். யார் எது கேட்டாலும், எனக்கென்ன தெரியும், நானே டீ குடிக்க வந்தவன் என்பார்.

ஆள் இருப்பது தெரிந்தால்தானே காலி பண்ணச் சொல்வார்கள். இதுதான் ஜெபமணியின் யோசனை. தெருவில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

போன ஆனியிலும் வந்தார்கள்.

கனகாம்பரத்தின் வீட்டுக்காரர் இருமல்காரர். துண்டை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கண் பிதுங்கியது. முகம் கறுத்தது. உயிர் போய்விடுமோ என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழக்கூட முடியவில்லை, அழுதால் சத்தம் கேட்கும்.

கதவை மூன்று தடவை தட்டினார்கள்.

அப்புறம் ஒரு பெண்குரல் கேட்டது. பூட்டிக் கிடக்கு, குடியில்லைன்னு எழுதிக்கோ என்றது.

அன்று தெருவே கேசரி கிண்டிச் சாப்பிட்டது.



மறுநாள் மடத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பதினொரு வருடத்தில் அந்தக் கதவை யாரும் பூட்டிப் பார்த்ததில்லை.

கனகாம்பரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஏரித்தண்ணீர் கரையில் மோதும் சத்தம்தான் கேட்டது.



அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தெருவை இடிக்க இயந்திரம் வரும் நாள் தெரிந்திருக்கிறது. அதுதான் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். அவளே ஓடிவிட்டால் நான் எம்மாத்திரம் என்று நினைத்தாள். கூழில் உப்புப் போட மறந்துவிட்டாள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் மடத்தம்மா போய்விட்டாள் என்று புலம்பினாள்.

ஜெபமணியிடமும் சொன்னாள். அவர் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்றார்.

இரண்டாம் நாளும் பூட்டு. மடத்து வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. முன்னால் அகத்திக்கீரை.

மூன்றாம் நாள் இரண்டு ஆடு. ஒருவன் குனிந்து வாசலை முழம் போட்டுக்கொண்டிருந்தான். பஜ்ஜி வண்டி நிறுத்த இடம் போதுமா என்று பார்க்கிறானாம்.

"இது மடமாச்சே தம்பி."

"மடம்தான். ஆள் இல்லையே. நீங்கதானக்கா சொன்னீங்க?"

கெட்டவன் இல்லை அவன். ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்தான். இன்றைக்கும் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போனதும் கனகாம்பரம் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பந்தலில் இன்றுதான் கடைசி நாள். கேட்க ஆள் இல்லை. சொல்ல ஆள் இல்லை. தலையைக் கதவில் முட்டி முட்டி அழுதாள்.

"அக்கா," என்றது ஒரு குரல். "ஆடு கத்திக்கிட்டே இருக்கு. தண்ணி காட்டினாங்களான்னு பாருங்க."

கனகாம்பரத்தின் அழுகை நின்றுபோனது.

"அம்மா? உள்ளேயா இருக்கீங்க?"

"இருக்கேன்."

"எப்ப வந்தீங்க?"

"எங்க போனேன்?"

மூன்று நாளாகக் குழாய்த் தண்ணீர் மட்டும் குடித்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. கனகாம்பரத்துக்கு ஆத்திரம் வந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"கூப்பிட்டேனேம்மா. முந்தாநாள் கூப்பிட்டேன், நேத்தும் கூப்பிட்டேன். ஏன் ஒரு குரல் கொடுக்கல?"

"பயம்."

"உங்களுக்கா? என்ன பயம்?"

"குரல் கொடுத்தா நான் இருக்கிறது தெரிஞ்சிடுமே."

"நல்லா இருக்கு நியாயம். இங்க ஒருத்தன் உங்க வாசலை முழம் போட்டு அளந்துட்டுப் போறான். ரெண்டு ஆடு கட்டியாச்சு. உங்களை ஒரு வார்த்தை கேட்டானா அவன்?"

"யாரைக் கேட்பான்?"

கனகாம்பரம் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள்.

ஆடு கத்தியது.

"எனக்கு ஆடு," என்றாள் குருவம்மா உள்ளிருந்து. "உங்களுக்குப் பட்டாம்பூச்சி. நீங்க கொடுத்து வச்சவங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

"இருக்கோம்னு சொன்னா காலி பண்ணச் சொல்லுவாங்கம்மா," என்றாள் கனகாம்பரம்.

"சொன்னாலும் சொல்லுவாங்க."

"அப்ப நான் என்ன செய்ய?"

கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு சாவி வெளியே வந்தது.

அவ்வளவு நாளும் அது உள்ளேதான் இருந்திருக்கிறது.

கனகாம்பரம் பூட்டைத் திறக்க நான்கு தடவை முயன்றாள். திறந்ததும் குருவம்மா வெளியே வந்து, கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்த்தாள். சொம்பை எடுத்துக் கூழை ஒரே மடக்கில் குடித்தாள். அந்தப் பையன் சொன்னது சரிதான், உப்பு இல்லை என்றாள்.

பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

கனகாம்பரம் கையில் இருந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் நீலப் பெயின்டில் பத்தொன்பது என்று எழுதியிருந்தது.

அவள் வீட்டுப் பூட்டு.



பந்தலுக்குப் போகும் வழியில்தான் டீக்கடை.

ஜெபமணி அவள் கையைப் பார்த்தார். அந்த அம்மா வந்து பத்தொன்பதாம் பூட்டைக் கேட்டபோதே தனக்குச் சரியாகப் படவில்லை என்றார். தன்னைத்தான் வெளியே நின்று பூட்டச் சொன்னாளாம். மூன்று நாளும் இங்கே உட்கார்ந்து அந்த ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஆனாலும் போகாதே கனகாம்பரம். உன் ஒருத்தி வாயால முப்பத்தேழு வீடும் போயிடும்."

அவர் சொல்வது நடந்தாலும் நடக்கும்.

"என் வீட்டை மட்டும்தான் அண்ணே சொல்லப் போறேன்."

"ஒரு பல்லைப் பிடுங்கினா மத்தது ஆடாதா?"

நடந்தாள். புளியமரத்தருகே திரும்பிவிடலாம் என்று தோன்றியது. குழாயடியிலும் தோன்றியது. பந்தலின் நிழல் காலில் பட்டபோது ஓடிவிடலாம் என்றே தோன்றியது. பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பந்தலில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மேசைமேல் வரைபடம் இன்னும் விரிந்து கிடந்தது. அந்தப் பெண் அதிகாரி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். எதிர்க்கரை அம்மாதானே, வாங்க என்று சொல்லி, மீதமிருந்த பொட்டுத் தாளை நீட்டினாள்.

கனகாம்பரம் அதை வாங்கவில்லை. வரைபடத்தில் விரலை வைத்தாள். படித்துறை. அரசமரம். மதகு.

பட்டாம்பூச்சி மேல் பூட்டை வைத்தாள்.

"இது என் வீடு."

அதிகாரி பூட்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். சிரிப்புப் போய்விட்டது.

"இந்தத் தெருவை அளக்க வந்தது நான்தாம்மா. ஒவ்வொரு கதவையும் மூணு தடவை தட்டினேன். எல்லாம் பூட்டிக் கிடந்துச்சு."

கனகாம்பரத்துக்கு அந்தக் குரல் தெரிந்தது. முதல் நாள் பயத்தில் பிடிபடவில்லை. இப்போது தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து கேட்ட குரல். புருஷன் வாயில் துண்டு இருந்த நேரத்துக் குரல்.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

பேனா என்ன எழுதும் என்று தெரியவில்லை. கனகாம்பரம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கரையில் அடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நினைவுக்கு வந்தாள்.

"உள்ளேதாம்மா இருந்தோம்," என்றாள்.

பின்னால், மண்ணில் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. உள்ளே இரும்போடு இரும்பு உரசியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.