ஆசானும் மூன்று தும்மலும்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்துமூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வளைகுடா நாட்டு ஊரான அல் ஐனில், இருவரும் வேலை பார்த்த கம்பெனிக்காரர்கள் எல்லாரும் முதல் மாதமே சிரித்து முடித்துவிட்டார்கள்.

குருவின் பெயர் ஜெபராணி. நாசரேத் பக்கத்துப் பெண். பாலைவனத்து வீடுகளில் கூரைக்கு அடியில் தகரக் குழாய்கள் ஓடும். ஏசியின் குளிர்காற்றை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய்கள். டக்ட் என்பார்கள். வெளியே மணற்காற்று அடித்து ஓய்ந்ததும், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அந்தக் குழாய்க்குள் ஒரு குட்டிப் பாலைவனம் குடியேறிவிடும். அதைக் காலிசெய்து அனுப்புவதில் ஜெபராணியை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை.

சீடர் தணிகாசலம் ஆற்காட்டுக்காரர். அதே கம்பெனியில் பதினாறு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். ஸ்டோரில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்ததும் அவர் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

"மூணு மாசம் டக்ட் வேலை பழகுங்க. ஜெபராணி கையெழுத்துப் போட்டா இருக்கலாம். இல்லேன்னா ஊருக்கு டிக்கெட்" என்றார் மேனேஜர். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "தூசி ஒத்துக்காதவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்."

தணிகாசலம் பலமாகத் தலையாட்டினார். அவருக்குத் தூசி அறவே ஒத்துக்கொள்ளாது.

ஆனால் ஊரில் மகள் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் திரும்பிப் போனால் அவருக்கு யார் வேறு வேலை தருவார்கள்? தும்மலா வேலையா என்று பார்த்தால், தும்மலை அடக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

முதல் நாள் விளையாட்டாக அவளை "ஆசானே" என்று கூப்பிட்டார். அவள் வேலை செய்வதைப் பார்த்த பிறகு விளையாட்டு போய், பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவளுக்கு அவர் அண்ணாச்சி.

ஜெபராணியிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை நடக்கும்போது முகமூடியைக் கழற்ற யாரையும் விடமாட்டாள். வேலை முடிந்ததும் ஏசியை ஓடவிட்டு, தணிகாசலத்தை மட்டும் முகமூடியைக் கழற்றச் சொல்வாள். ஒவ்வொரு அறையிலும் காற்று வருகிற கிரில்லுக்குக் கீழே அவர் போய் நிற்க வேண்டும். நூறு எண்ணி முடிக்கிறவரை நிற்க வேண்டும்.

வயசான மனுஷன், கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

இரண்டாவது வீட்டிலேயே கிரில்லுக்குக் கீழே நின்று வாய்விட்டுத் தும்மிவிட்டார். ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதி, மடித்து வைத்துக்கொண்டாள்.

போச்சு, எழுதிட்டா என்று நினைத்துக்கொண்டார் தணிகாசலம்.

அன்றிலிருந்து ஜாக்கிரதையானார். மூக்கு குறுகுறுத்தால் உடனே "ஊர்லேருந்து போன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடுவார். பேரீச்ச மரத்துக்குப் பின்னால் நின்று தும்மித் தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வருவார். வந்ததும் ஜெபராணி, "இந்த ரூம் கிரில்லக் கழத்துங்க அண்ணாச்சி, இன்னொருக்கா பாப்போம்" என்பாள். உள்ளே எங்கேயாவது ஒரு பிடி மண் இருக்கும். அவளுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்கிறதோ என்று அவர் வியந்துகொண்டே ஏணி ஏறுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஆசானே, ஒரு வீடு சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னாத் தெரியும்."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"அதுவும் சரிதான். நீங்க இன்னும் சொல்லல" என்று சிரித்தாள்.

கிண்டல் பண்ணுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மறுநாள் மதியம் கையெழுத்துப் போட்ட தாள் மேனேஜர் மேசைக்குப் போயாக வேண்டும். அன்றைய வீடு, யமுனா என்கிற பள்ளி ஆசிரியையின் வீடு. மூன்று நாளாக மணற்காற்று அடித்து அப்போதுதான் அடங்கியிருந்தது. நான்கு வயது மகள் ஆதிரைக்கு ராத்திரியெல்லாம் தும்மல், தூக்கமில்லை என்றார் யமுனா.

"இன்னைக்கு முழு வேலையும் நீங்கதான் அண்ணாச்சி. நான் கை வைக்க மாட்டேன்" என்றாள் ஜெபராணி.

தணிகாசலம் தயாராகத்தான் வந்திருந்தார். காலையில் தும்மல் மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருந்தார்.

என்ன அழகாக வேலை செய்தார்! எல்லா கிரில்லையும் பாலித்தீன் ஒட்டி மூடினார். கடைசி அறையிலிருந்து தொடங்கி, பிரஷ்ஷைச் சுழலவிட்டு, மண்ணையெல்லாம் உறிஞ்சும் மெஷின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். தகரம் பளபளத்தது. பிறகு பாலித்தீனைப் பிரித்து, ஏசியை ஓடவிட்டு, முகமூடியைக் கழற்றி, ஐந்து அறையிலும் கிரில்லுக்குக் கீழே நின்று நூறு எண்ணினார். மூக்கு மூச்சு விட்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கடைசியாகக் குழந்தையின் அறை. அங்கும் நூறு எண்ணி முடித்து, மாப்பிள்ளைபோல் நின்றார்.

ஜெபராணி தாளை எடுத்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். அப்போது ஆதிரை உள்ளே ஓடிவந்து, கட்டிலில் ஏறிக் குதித்து, ஒரு தும்மல் போட்டாள்.

"நூறு!" என்றார் தணிகாசலம். தும்மினால் நூறு வயசு என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

இன்னொரு தும்மல்.

"இருநூறு!"

மூன்றாவது தும்மல் வந்தது. "முந்நூ..." என்று தொடங்கியவருக்கு மீதி வரவில்லை.

ஜெபராணி கிரில்லைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மாத்திரை போட்டியளா?"

பொய் சொல்ல வாயெடுத்தார். குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு" என்றார்.

"எத்தன நாளா?"

"இன்னிக்குத்தாம்மா. மத்த நாள்ல வெளியே போய்..."

"பேரீச்ச மரத்துக்குப் பின்னால."

"உனக்குத் தெரியுமா?"

"அடுத்த தெருவுக்கே கேட்டுதே!"

சொல்லிவிட்டு ஜெபராணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் குழந்தையின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன் என்று தெரியாமலே ஆதிரையும் சேர்ந்து சிரித்தாள். தணிகாசலத்துக்கு மட்டும் டிக்கெட் கண்முன் வந்து நின்றது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் கேட்டாள். "குழாய்க்குள்ள காத்தக் கூட்டிக் குறைக்க ஒரு தகடு இருக்கும்லா? பிரஷ் போடும்போது அதத் திருப்பினியளா?"

திருப்பவில்லை. ஒரு பக்கம் பளபளப்பதைக் கேமராவில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஏணி ஏறித் தகட்டைத் திருப்பினார். பின்பக்கத்திலிருந்து பவுடர்போல ஒரு பிடி மண் அவர் கையில் கொட்டியது. அந்த வழியை முழுக்க மறுபடி சுத்தம் செய்து முடிக்கையில் மணி நான்காகிவிட்டது.

"இப்ப சுத்தம்தானே?" என்று யமுனா கேட்டார்.

"தெரியாது மேடம். நாளைக்குக் காலைலதான் சொல்ல முடியும். பாப்பா இன்னைக்கு உங்க ரூம்ல தூங்கட்டும்."

"ஏன், வேற ஏதாவது மெஷின் வரணுமா?"

"மெஷின் இங்கதான் நிக்குது" என்று தணிகாசலத்தைக் காட்டினாள் ஜெபராணி. "ரெண்டு மாத்திரையப் போட்டு ரிப்பேர் ஆக்கிட்டாரு. நாளைக்குச் சரியாயிரும்."

வேனில் திரும்பும்போது தணிகாசலம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மூன்று மாதமாகத் தன்னை எதற்குக் கிரில்லுக்குக் கீழே நிறுத்தினாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. காற்று வாங்க என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் எங்கேயோ கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. வேனிலிருந்து இறங்கியதும் மாத்திரை அட்டையை ரோட்டோரக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

மறுநாள் காலை குழந்தையின் அறையில் ஏசியை ஓடவிட்டார்கள். தணிகாசலம் முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் ஆதிரையும் அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் எண்ணுறேன் தாத்தா."

"எண்ணு, கண்ணு."

இருவரும் எண்ணினார்கள். இருபது. நாற்பது. ஒன்றுமில்லை. மதியத்துக்குள் தாள் போய்விடும் என்று அவருக்குத் தெம்பு வந்தது. ஆதிரைக்கு அறுபதுக்கு மேல் எண் தெரியாததால் அறுபதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எழுபத்தாறில் மூக்கின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு.

மிகச் சின்னக் குறுகுறுப்பு. இதைவிடப் பெரிதையெல்லாம் அடக்கிப் பழகியவர் அவர். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் போதும், அடங்கிவிடும். இன்னும் இருபத்துநாலு எண்ணினால் கையெழுத்து. தும்மினால் மறுபடி ஏணி, மறுபடி பிரஷ், மதியம் தாண்டிவிடும். மேனேஜர் மேசையில் தாள் இருக்காது.

நாக்கு மேலே போனது. அவர் குனிந்து பார்த்தார். அறுபது, அறுபது, அறுபது என்று குழந்தை அவர் முகத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தது.

நாக்கை இறக்கினார்.

அது தும்மலா, கூரை இடிந்ததா என்று தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து யமுனா ஓடிவந்துவிட்டார்.

"நூறு!" என்று கத்தினாள் ஆதிரை. நேற்றுத்தான் கற்றுக்கொண்டது. கைதட்டிக் குதித்தாள்.

தணிகாசலம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜெபராணியை நேராகப் பார்த்துச் சொன்னார். "சுத்தமாகலை, ஆசானே."

 ஜெபராணியின் முகம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. பிறகு குழந்தையின் மேசையில் தாளை விரித்து, சரசரவென்று கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"என்னம்மா இது? வீடு முடியலியே!"

"வீடு மத்தியானத்துக்கு மேல முடியும். தாளு இப்பவே போகட்டும்."

"தூசி ஒத்துக்காதவன் ஆகமாட்டான்னு மேனேஜர்..."

"அவருகிட்ட ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லிட்டேன். இந்த மூக்க வேற யாருக்கும் குடுக்க முடியாதுன்னு."

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். கையெழுத்துக்கு அதில் இரண்டு இடம் இருந்தது. 'வேலைக்கு ஏற்றவர்' என்பது முதலாவது. 'தனியாக அனுப்பலாம்' என்பது இரண்டாவது. இரண்டாவதில் மை இன்னும் காயவில்லை. முதலாவதில் மை காய்ந்து, மடிப்பில் மங்கிப்போயிருந்தது. அதன் கீழே இருந்த தேதியை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது வீட்டில் அவர் வாய்விட்டுத் தும்மிய நாள்.

"இது அன்னிக்கே போட்டதா? அப்புறம் எதுக்கு மூணு மாசம்?"

ஜெபராணி ஏணியைக் கிரில்லுக்குக் கீழே நகர்த்தி வைத்தாள்.

"அது உங்க மூக்குக்குப் போட்டது அண்ணாச்சி. இன்னைக்குப் போட்டதுதான் உங்களுக்கு. ஏறுங்க, நான் பிடிச்சிக்கிடுதேன்."