எட்டாத ஒரு சாண்

குளிக்கும்போது உங்கள் முதுகின் நடுவில் உங்கள் கை எட்டுமா?

எட்டாது. ஆனால் ஹமாவிடம் கேட்டால், "எனக்கு எட்டும்" என்பாள். ஐம்பத்தொன்பது வயதிலும் பந்தக்கால் மாதிரி நிமிர்ந்து நிற்கும் உயரமான உடம்பு அவளுக்கு. அரிசிப் பலகாரக் கடை நடத்தித் தனியாளாகவே வாழ்ந்தவள். கடையைக் கொடுத்துவிட்டுப் புத்த மடத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் குருவாக வாய்த்த துறவி மியோரினுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

"மகள் வயசுக்காரியிடமா பாடம் கேட்கப் போகிறாய்?" என்று தெருவே சிரித்தது. ஹமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பனிக்காலம் முடியும் சமயத்தில் இருவரும் வடக்கே ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்குப் போனார்கள். ஜப்பானில் இப்படி ஊர்கள் நிறைய உண்டு. மண்ணுக்குள்ளிருந்தே வெந்நீர் வரும். சாக்கடை மூடியிலும்கூட ஆவி பறக்கும். ஊரைச் சுற்றிப் பார்க்க, குளிக்க, வாய்க்கு ருசியாகச் சாப்பிட என்றே சனங்கள் வருவார்கள்.

ஹமா வந்தது அதற்கில்லை. அவள் தங்கை நவோ அந்த ஊரில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

அந்த வருஷம் ஹமாவின் கடை தீப்பிடித்தது. சேதி கேட்ட நவோ, இரண்டு கனத்த போர்வைகளையும் ஒரு மூட்டை அரிசியையும் சுமந்துகொண்டு கொட்டும் பனியில் ஓடிவந்தாள்.

"எனக்கு யாருடைய தயவும் வேண்டாம்" என்றாள் ஹமா, வாசலில் நின்றபடியே.

நவோ அதே சுமையோடு திரும்பிப் போனாள்.

இப்போது ஹமா ஒரு பட்டுத் துணியைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஊரில் இறங்கியதும் ஒரு பெண்ணிடம் அதைத் தங்கைக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பெட்டி, கட்டு அவிழாமல் திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு.

"எனக்கு யாருடைய தயவும் வேண்டாம்."

ஹமா அந்தச் சீட்டை மியோரினிடம் நீட்டினாள்.

"இன்னும் எதைத்தான் கொடுப்பது, குருவே?"

"பசிக்கிறது, ஹமாம்மா. வாருங்கள், முட்டை சாப்பிடலாம்" என்றாள் மியோரின்.

கடைத்தெருவில் முட்டைகளை வலைப்பையில் கட்டி ஊற்று நீரில் தொங்கவிட்டிருந்தார்கள். அடுப்பே வேண்டாம். அந்தச் சூட்டில் வெள்ளைக்கரு தயிர் மாதிரி குழைந்திருக்கும், மஞ்சள்கரு மட்டும் இறுகியிருக்கும். மியோரின் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரைப் பார்த்தாள்.

"எனக்கு இதைச் சிந்தாமல் உடைக்கத் தெரியாது. உடைத்துத் தருவீர்களா?"

அவர் உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, சோயா சாறு விட்டு, கரண்டியும் வைத்துக் கொடுத்தார். அருவிக்கு எந்தப் பக்கமாகப் போனால் வழுக்காது என்றும் சொன்னார்.

அருவிக்கு இறங்கும் படியில் மியோரின் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "கையைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்று கேட்டு அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஹமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பக்கத்தில்தானே இருக்கிறேன்?"

"நான் கேட்காமலே நீங்கள் கொடுத்துவிடுவீர்களே!"

சாயங்காலம் ஊர்ப் பொதுக் குளியலறைக்குப் போனார்கள். அங்கே நேரே குளத்தில் இறங்கக் கூடாது. ஓரமாகக் குட்டி முக்காலிகள் இருக்கும். அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, உடம்பைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் எல்லோருக்கும் பொதுவான அந்தத் தண்ணீரில் கால் வைக்கலாம்.

மியோரின் பக்கத்து முக்காலிக்காரியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, முதுகு தேய்த்துவிடுவீர்களா?"

"தேய்த்துவிட்டால் போச்சு. தலை மொட்டையானாலும் முதுகு முதுகுதானே!" என்று சிரித்தாள் அவள். சோயாக்கட்டி விற்கும் கிக்குயோ. தேய்த்துக்கொண்டே தன் முழங்கால் வலி, பேரன் பெயர், ஊரில் யார் எப்போது குளிக்க வருவார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். மதியச் சமையல் முடிந்து மூன்று மணிக்கு நவோ தினமும் வருவாளாம்.

வெளியே வந்ததும் ஹமா பொரிந்து தள்ளினாள். "மடத்தில் எல்லா வேலையும் நீங்களே செய்துகொள்கிறீர்கள். இங்கே வந்து கண்டவரிடமெல்லாம் ஏன் இப்படிக் கேட்டு நிற்கிறீர்கள்?"

"சுகமாக இருக்கிறது" என்றாள் மியோரின்.

மறுநாள் ஐந்து மணிக்குத் திரும்பும் பேருந்து. மூன்று மணிக்கு இருவரும் குளியலறையில் இருந்தார்கள். கதவு நகர்ந்தது. நவோ வந்தாள். குள்ளமாய், உருண்டையாய், அதே கன்னங்கள். தலை மட்டும் நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு நான்கு முக்காலி தள்ளிப்போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"குருவே, என்ன சொல்லட்டும்? மன்னிப்புக் கேட்கட்டுமா? அந்தப் பெட்டியை நானே கையில் கொடுக்கட்டுமா?" ஹமா கிசுகிசுத்தாள்.

மியோரின் அவள் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஹமாம்மா, உங்கள் முதுகின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சோப்பே படவில்லை."

"அப்படியானால் நீங்கள் தேய்த்துவிடுங்கள்."

"நான் குளித்து முடித்துவிட்டேன்" என்று சொல்லி, மியோரின் குளத்தில் கழுத்துவரை இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹமா துண்டைத் தோள்வழியே போட்டுப் பார்த்தாள். இடுப்புவழியே கையை முறுக்கிப் பார்த்தாள். குளத்தில் இருந்த கிக்குயோவுக்குப் பொறுக்கவில்லை, உதவிக்கு எழப் போனாள். மியோரின் கண்ணைத் திறக்காமலே தண்ணீருக்குள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஹமா எழுந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வயதில் ஒருமுறைகூட அவள் வாயில் வராத பேச்சு அது.

"நவோ... முதுகு எட்டவில்லை. கொஞ்சம் தேய்த்துவிடுகிறாயா?"

நவோ திரும்பவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துத் தன் தோளில் ஊற்றினாள். இன்னொரு சொம்பு ஊற்றினாள். பிறகு, அப்படியே உட்கார்ந்தபடி ஒரு கையை மட்டும் அக்காவின் பக்கம் நீட்டினாள்.

ஹமா துண்டை அந்தக் கையில் வைத்தாள்.

முக்காலி நகரும் சத்தம் கேட்டது. நவோ பின்னால் வந்து உட்கார்ந்து, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் அக்காவின் முதுகைத் தேய்த்தாள். தோல் எரிந்தது. ஹமா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தேய்க்கும் கை மெல்ல மெல்லத் தணிந்தது. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு கை நின்றது.

"கொஞ்சம் குனி, அக்கா. எனக்கு எட்டவில்லை."