பரிசல்காரர் துரைக்கு நீச்சல் தெரியும்

“ஆட்டத்தை விட்டு மூணு பேரும் போயிடுவாங்க போலிருக்கு, டீச்சர்” என்றார் மாசிலாமணி.

கமலவேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“போகட்டுமே.”

“அவங்க போயிட்டா எனக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கிடையாதுங்க. வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்லை.”

இப்போது நிமிர்ந்தார்.

மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. கமலவேணிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. கதையாட்டம் நடத்துகிறவர்கள் சிக்கல் வந்தால் பவானியில் அவரிடம்தான் போவார்கள். அதனால் டீச்சர்.

கதையாட்டம் தெரியாதவர்களுக்கு: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ராஜா, திருடன், சந்தைக்காரி என்று மீதி உலகம் முழுக்க நடத்துகிறவர் வாயில்தான் பேசும். ஆபத்து வந்தால் பகடை. நடத்துகிறவர் முன்னால் ஓர் அட்டை நிற்கும். அதன் பின்னால் அவர் உருட்டுவதில் என்ன விழுந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவுதான். மேலே போவோம்.

“என்ன குறை சொல்றாங்க?”

“பரிசல்காரர் துரையைச் சொல்றாங்க.”

“யாரு அது?”

“நான் பேசற பாத்திரம். ஆத்துல பரிசல் விடறவரு. நல்ல மனுசன். இவங்க சண்டையில விழுந்தா வந்து காப்பாத்துவாரு. வழி தெரியலைன்னா சொல்லுவாரு. பூட்டு திறக்கலைன்னா திறந்து குடுப்பாரு.”

“அப்ப அவங்க என்ன செய்வாங்க?”

மாசிலாமணி யோசித்தார்.

“பரிசல்ல உட்காருவாங்க.”

கமலவேணி கீரைக்குத் திரும்பினார்.

“முக்கியமான பாத்திரத்தை எப்படி வெச்சுக்கணும்னு ஒரு விதி சொல்லுங்க, டீச்சர்.”

“ஞாயித்துக்கிழமை வர்றேன். நல்ல டீத்தூளா வாங்கி வையுங்க.”

“அதுதான் விதியா?”

“இல்லீங்கண்ணா. எனக்கு டீ வேணும்.”

*

ஞாயிறு மதியம் மூன்று பேரும் வந்திருந்தார்கள். நர்ஸ் ரெஜினா. எலெக்ட்ரிக் கடை அன்வர். அவர் மனைவி சபீனா.

மேஜையருகே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கமலவேணி அதை இழுத்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அது துரைக்கண்ணு அண்ணன் நாற்காலிங்க” என்றார் அன்வர்.

“அவரு வரலையா?”

“போன ஆடியில இறந்துட்டாரு.”

கமலவேணி நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். முக்காலி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. பரிசல்துறையில் படைத்தலைவன் வழி மறித்தான். துரை அவனோடு வாதாடினார். துரையும் மாசிலாமணிதான், படைத்தலைவனும் மாசிலாமணிதான். இடப்பக்கம் திரும்பி ஒரு குரல், வலப்பக்கம் திரும்பி ஒரு குரல்.

அன்வர் போனை எடுத்தார். சபீனா கொட்டாவியை முந்தானையில் மறைத்தார்.

கமலவேணி எழுந்து சமையலறைக்குப் போனார். டீ போட்டார். கொண்டுவந்து கொடுத்தார். குடித்தார்கள். ரெஜினா டீச்சருடையதைத் தவிர மற்ற டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

படைத்தலைவன் இன்னும் தோற்றுக்கொண்டிருந்தான்.

“யாரு ஜெயிச்சது?” என்றார் ரெஜினா.

“துரைதான். வேற யாரு?” அன்வர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“மாசிலாமணி அண்ணா, அடுத்த வாரம் எனக்கு டியூட்டி” என்றார் ரெஜினா.

“எனக்கும்” என்றார் சபீனா. அவருக்கு வேலையே கிடையாது.

மாசிலாமணி டீச்சரைப் பார்த்தார். பார்த்தீர்களா என்பது போல.

“இந்தத் துரை எதுக்குப் பயப்படுவாரு?” என்றார் கமலவேணி.

“எதுக்கும் பயப்பட மாட்டாரு.”

“வெள்ளம் வந்தா?”

“அவருக்கு நீச்சல் தெரியும்.”

“பசிச்சா?”

“பசிக்காதுங்க அவருக்கு.”

“அப்ப செத்துட்டாரு.”

சபீனா காலி நாற்காலியைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணியின் கை அட்டையைப் பிடித்துக்கொண்டது.

“இன்னொரு தடவை என்னால முடியாதுங்க” என்றார்.

“தெரியுது.” கமலவேணியின் குரல் இறங்கியிருந்தது. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “அவரு எப்படி ஆடுவாரு?”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாரு, துரைக்கண்ணு அண்ணனா? கேவலமா ஆடுவாருங்க. எந்தக் கதையா இருந்தாலும் போய்க் கிணத்துல விழுவாரு.”

“கயிறு கொண்டு வந்தீங்களான்னு கேட்டா, ‘அட, மறந்துட்டனே!’ம்பாரு” என்றார் அன்வர்.

“நாமதான் தூக்குவோம்” என்றார் சபீனா. “தூக்கி மேல வெச்சதும், ‘கிணத்துல ஒண்ணுமில்ல, பாத்துட்டேன்’னு நம்மகிட்டயே சொல்லுவாரு.”

மாசிலாமணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கமலவேணி கையை நீட்டி அட்டையை எடுத்தார். மடித்தார். மேஜையில் போட்டு அதன்மேல் தன் டீ டம்ளரை வைத்தார்.

பகடை இரண்டும் வெளியே கிடந்தன.

மாசிலாமணி அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“வெள்ளம் வருது” என்றார். “செம்மண் தண்ணி. பரிசல் சுத்துது. நீங்க மூணு பேரும் பாறை மேல தாவிட்டீங்க. துரை தாவலை. துடுப்பு கையை விட்டுப் போயிடுச்சு.”

“எத்தனை விழணும்?” என்றார் அன்வர்.

“ஏழு. ஏழுக்குக் கீழன்னா முழுகிடுவாரு.”

உருட்டினார். எல்லோர் கண் முன்னாலும் உருட்டினார்.

இரண்டு. ஒன்று.

மாசிலாமணியின் விரல்கள் பகடையைத் தேடிப் போயின, மறுபடி உருட்ட. பாதி வழியில் நின்றன. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள போயிட்டாரு” என்றார்.

அன்வர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“எந்தப் பக்கம்ணா?”

“பாறைக்கு அந்தப் பக்கம். தலை ஒருதரம் தெரிஞ்சுது.”

“என்கிட்ட கயிறு இருக்கு. இடுப்புல கட்டிக்கிறேன்.”

“அடுத்த முனை என் கையில” என்றார் சபீனா.

ரெஜினா தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“நானும் குதிக்கிறேன்.”

“உன் ஆளுக்கு நீச்சல் தெரியாதேம்மா” என்றார் மாசிலாமணி.

“தெரியாதுதான். பகடையைக் குடுங்கண்ணா, சீக்கிரம்!”